ஸ்மார்ட் மீட்டர்: மின்துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் சாவி

ஒன்றிய மோடி அரசு மின்துறையில் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ‘சீர்திருத்தம்’ என்றே பெயர் சூட்டுகிறது. 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, ஆர்டிஎஸ்எஸ் எனப்படும் மின் விநியோகச் சீரமைப்புத் திட்டமும் அந்தப் பெயரில்தான் வந்தது. இதன் மொத்த மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு 97,631 கோடி ரூபாய். நாடு முழுவதும் 25 கோடி நுகர்வோரின் மீட்டர்களைக் கழற்றிவிட்டு, முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது இத்திட்டத்தின் மைய இலக்கு. மாநிலங்களைப் பணியவைக்க நிதியே சவுக்காக்கப்பட்டது. மாநில உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.5 சதவீதம் கூடுதலாகக் கடன் பெறும் அனுமதிகூட மின்துறைச் ‘சீர்திருத்தங்களோடு’ பிணைக்கப்பட்டது.

செலவு யார் தலையில்?

மீட்டர் இலவசமாகப் பொருத்தப்படுகிறது என்று அதிகாரிகள் கூறுகின்றனர். இது பாதி உண்மைகூட அல்ல. பொதுவான மாநிலங்களுக்கு ஒரு மீட்டருக்கு ஒன்றிய அரசு தரும் அடிப்படை மானியம் விலையில் 15 சதவீதம். அதுவும் 900 ரூபாய்க்கு மிகாமல். மகாராஷ்டிராவில் பராமரிப்பையும் சேர்த்து ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய் என ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. எஞ்சிய 11,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஒப்பந்தக் காலம் முழுவதும் விநியோக நிறுவனமே தனியாருக்குச் செலுத்த வேண்டும். அது இறுதியில் கட்டண உயர்வாகவே மக்கள் மீது இறங்கும்.

தனியார் நிறுவனமே முதலிட்டு, பொருத்தி, இயக்கி, மாதந்தோறும் மீட்டருக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்ளும் இம்முறைக்கு ‘டோட்டெக்ஸ்’ என்று பெயர். இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் ஏற்பாடு உண்டு. நுகர்வோர் செலுத்தும் பணம் சென்றுசேரும் கணக்கிலிருந்தே ஒப்பந்ததாரர் தமது தொகையை நேரடியாக எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. மின் கொள்முதலுக்கும் ஊழியர் ஊதியத்திற்கும் மிஞ்சியதைத்தான் விநியோக நிறுவனம் தேட வேண்டும். நட்டம் வந்தால் அரசுக்கு, வருவாய் வந்தால் முதல் கை ஒப்பந்ததாரருக்கு என்பதே இதன் பொருள்.

இந்த விருந்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்பது அதானி குழுமம். மகாராஷ்டிராவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான மீட்டர்களுக்கான ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு மீட்டருக்கு 6,000 ரூபாய் என்று மதிப்பிடப்பட்டிருக்க, ஏறத்தாழ 10,000 ரூபாய் கேட்ட அதானியின் ஒப்பந்தப்புள்ளியை 2023 பிப்ரவரியில் மத்தியாஞ்சல் மின் விநியோக நிறுவனம் ரத்து செய்ய நேர்ந்தது. 2024 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் விலை அதிகம் என்ற காரணத்தால் அதானியின் ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. குறைந்த விலை கேட்டவரே இவ்வளவு கேட்டார் என்றால், போட்டி என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

சட்டத்தை மீறும் ப்ரீபெய்டு

மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆவது பிரிவு, கட்டணம் கட்டத் தவறியவரின் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் 15 நாட்கள் அவகாசத்துடன் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. 47(5) பிரிவு, முன்பணம் செலுத்தும் மீட்டர் வழியாக மின்சாரம் பெற முன்வருபவரிடம் காப்புத்தொகை கேட்கக்கூடாது என்கிறது. அதாவது, ப்ரீபெய்டு என்பது நுகர்வோரின் விருப்பம், கட்டாயம் அல்ல. இப்போதோ இருப்புத்தொகை தீர்ந்தால் மின்சாரமும் நிற்கும். 15 நாள் அவகாசம் என்ற குறைந்தபட்சப் பாதுகாப்பை ஓர் இயந்திரம் சத்தமின்றி விழுங்கிவிடுகிறது. வேலை கிடைத்த நாளில் மட்டும் கூலி பெறும் குடும்பத்திற்கு அந்தப் பதினைந்து நாட்கள் எவ்வளவு பெரியவை என்பது தில்லியில் அமர்ந்து திட்டம் தீட்டுவோருக்குத் தெரியாது.

அடுத்த அடி நேர அடிப்படையிலான கட்டணம். 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, உச்சநேரக் கட்டணம் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும், வணிக, தொழில் நுகர்வோருக்குக் குறைந்தது 20 சதவீதமும் கூடுதலாக இருக்கும். பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் சலுகை உண்டு. ஆனால் பகலெல்லாம் வேலைக்குச் செல்லும் உழைப்பாளியின் வீட்டில் விளக்கும் விசிறியும் இரவில்தான் ஓடும். அவர் தமது வாழ்க்கை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாது. அபராதம்தான் கட்ட முடியும்.

நட்டத்திற்குக் காரணம் மீட்டரா?

விநியோக நிறுவனங்களின் நட்டத்தைக் குறைக்கவே ஸ்மார்ட் மீட்டர் என்கிறது ஒன்றிய அரசு. விநியோக நிறுவனங்களின் செலவில் பெரும்பகுதி மின் கொள்முதலுக்கே செல்கிறது. தனியார் உற்பத்தியாளர்களுடன் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்கள், வாங்காத மின்சாரத்திற்கும் நிலைக்கட்டணம் செலுத்தும் கொடுமை, அரசுத் துறைகளின் நிலுவை ஆகியவற்றை எந்த மீட்டரும் குறைக்காது. மின்திருட்டும் இழப்பும் எங்கே நிகழ்கின்றன என்று அறிய உயரழுத்தப் பாதைகளிலும் மின்மாற்றிகளிலும் மீட்டர் பொருத்தினால் போதும். பெரும் நுகர்வோரை அதன்பின் கண்காணிக்கலாம். அதைவிட்டு, மாதம் ஐம்பது யூனிட் எரிக்கும் குடிசைக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் மீட்டர் எதற்கு?

விடை, 2025 அக்டோபரில் வெளியிடப்பட்ட மின்சாரச் சட்டத் திருத்த வரைவு மசோதாவில் உள்ளது. மக்கள் பணத்தில் அமைந்த கம்பிகளையே பயன்படுத்தி ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்க அது வழிவகுக்கிறது. எந்த வீடு யாருடைய வாடிக்கையாளர், யார் எவ்வளவு எரித்தார் என்று தொலைவிலிருந்தே பிரித்தறிய ஸ்மார்ட் மீட்டர் இன்றியமையாதது. நன்கு கட்டணம் செலுத்தும் நகர்ப்புற நுகர்வோர் தனியாருக்கு. கிராமமும் வேளாண்மையும் பொதுத்துறைக்கு. இலாபத்தில் இயங்கிய சண்டிகர் மின்துறையே 871 கோடி ரூபாய்க்கு கோயங்கா குழுமத்திற்கு விற்கப்பட்டு, 2025 பிப்ரவரி 1 அன்று ஒப்படைக்கப்பட்டது. நட்டம் என்பது வெறும் சாக்கு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மாற்றுப் பாதை

இடதுசாரிகள் தொழில்நுட்பத்தின் எதிரிகள் என்ற பிரச்சாரம் பழையது. இயந்திரம் வேறு, மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறை வேறு என்று மார்க்ஸ் அன்றே விளக்கினார். கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு இந்த வேறுபாட்டை நடைமுறையில் காட்டியது. டோட்டெக்ஸ் முறையை நிராகரித்து, மின்வாரியமே முதலிட்டு, பெரும் நுகர்வோரிலிருந்து படிப்படியாக மீட்டர் பொருத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றிய மானியம் கிடைக்காது என்ற மிரட்டலுக்கு நடுவே எடுக்கப்பட்ட முடிவு அது.

மக்கள் எதிர்த்தால் ஆட்சியாளர்கள் பின்வாங்குவர் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2024 மே மாதம் பாஜக ஆளும் குஜராத்தின் வதோதராவில் மக்கள் மின் அலுவலகங்களை முற்றுகையிட்டனர்; ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மீட்டரையும் அருகே வைப்பதாக நிர்வாகம் இறங்கிவந்தது. அதே ஆண்டு ஜூனில் மகாராஷ்டிரத் துணை முதல்வர், சாதாரண நுகர்வோருக்கு ஸ்மார்ட் ப்ரீபெய்டு மீட்டர் இல்லை என்று அறிவித்தார். தேர்தல் முடிந்ததும் வேறு பெயரில் அதே மீட்டர்கள் வீடுகளுக்கு வந்தன. வாக்குறுதியை நம்பிப் போராட்டத்தைத் தளர்த்தக்கூடாது என்பதே இதன் பாடம்.

2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களும் விவசாயிகளும் மின்துறைத் தனியார்மயத்திற்கு எதிராக ஒன்றுபட்டனர். அந்த ஒற்றுமை இப்போது தெருத்தெருவாகச் செல்ல வேண்டும். மின் ஊழியர் ஒருபுறமும் கட்டணம் கட்டும் குடும்பம் மறுபுறமும் நிற்கும்வரை ஒப்பந்ததாரருக்கு அச்சமில்லை. கட்சிக் கிளைகள் வீடுகள்தோறும் சென்று 47(5), 56 பிரிவுகளை விளக்கட்டும். ஒப்புதலின்றி மீட்டரை மாற்றுவதை எழுத்துப்பூர்வமாக எதிர்க்கச் செய்யட்டும். மின்சாரம் மக்கள் உரிமை. அது முன்பணம் கட்டியவருக்கு மட்டும் விற்கும் சரக்கல்ல.