பட்டு எடுத்தாச்சு... ஞானஸ்நானம் யாருக்கு?

காலையில் ஆலயத்துக்கு வெள்ளையோ சந்தன நிறமோ, மாலை வரவேற்புக்கு அரக்கோ மாம்பழ மஞ்சளோ. ஆரணிக்குப் பட்டு எடுக்க வரும் கிறிஸ்தவக் குடும்பங்களின் கணக்கு பெரும்பாலும் இதுதான். ஊருக்கும் சபைக்குமான உறவு பழையது. 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் ஆரம்பகால ஊழியத் தலங்களில் ஆரணியும் ஒன்று.

ஆனால் பெண்ணோ மாப்பிள்ளையோ இந்து என்றால், புடவை நிறத்தோடு பேச்சு முடியாது.

நம்ம சினிமாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். 1997-ல் 'காதலுக்கு மரியாதை' மினி, 2010-ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸி. இருவரும் கிறிஸ்தவப் பெண்கள், காதலன்கள் இந்து. தடையாக நிற்பது வீடு. வீடு மனசு மாறினால் சுபம், மாறாவிட்டால் சோகம். ஞானஸ்நானம் யார் எடுப்பது, எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது என்பதற்கெல்லாம் திரைக்கதையில் வேலையே இல்லை. நிஜத்தில் சண்டையே அங்கதான் ஆரம்பிக்குது.

புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரியவர்கள் உடனே எடுப்பது 'அந்நிய நுகம்'. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 6-ம் அதிகாரம். அந்த வசனத்தில் கல்யாணம் என்ற வார்த்தையே கிடையாது என்பது வேறு விஷயம். அதே பவுல் முதல் நிருபத்தின் 7-ம் அதிகாரத்தில், விசுவாசியல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விலக்கிவிட வேண்டாம் என்கிறார். இதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் விதிவிலக்கு கிடைத்தால், மற்றவர் மதம் மாறாமலே ஆலயத்தில் மணமுடிக்கலாம்.

சட்டம் இன்னும் தாராளம். 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு, இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். அது வேண்டாமென்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் நோட்டீஸ். சபையில் ஓலை வாசிப்பதும் ஒருவகை நோட்டீஸ்தான். ஆனால் அதைக் கேட்பது தெரிந்த முகங்கள். அலுவலகப் பலகையில் ஒட்டியதை யார் படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத் தெரியாமல் மணக்கும் ஜோடிக்கு அந்த 30 நாள் நெருப்பு மேல் நடப்பது மாதிரி.

அதனால்தான், "ஞானஸ்நானம் எடுத்துடுப்பா, எல்லாம் சுலபமா முடிஞ்சிடும்" என்கிற யோசனை எடுபடுகிறது. பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன் என்றால் அது சுலபமே இல்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. கிறிஸ்தவரானால் தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். வேலை, உள்ளாட்சித் தேர்தலின் தனித் தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாமே இதில் அடங்கும். ஊரில் சாதி மட்டும் அவரை விட்டுப் போகாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் இங்கே உண்டு.

அடுத்த தலைமுறைக்கும் இது தொடரும். தந்தை இந்துப் பட்டியல் சாதி, தாய் கிறிஸ்தவர் என்று சொல்லி, சாதிச் சான்றிதழ் கேட்டார் புதுச்சேரிப் பெண் ஒருவர். அவர் ஞானஸ்நானம் பெற்று ஆலயம் செல்பவர் என்று சொல்லி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதம் மாறியோருக்கு இந்த அந்தஸ்து தரலாமா என்று ஆராய, கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது 2022-ல்.

விசுவாசத்தால் எடுக்கும் ஞானஸ்நானத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. கல்யாணத் தேதிக்காக எடுப்பது வேறு. திருமணத்துக்கு முன் ஆலோசனை வகுப்பு நடத்தாத சபைகள் இன்று குறைவு. கோபத்தை அடக்குவது, மாமியாரோடு பழகுவது எல்லாம் சொல்லித் தரும் ஆயர்கள், தாலுகா ஆபீஸில் எந்தச் சான்றிதழ் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே. அரை மணி நேரம்கூட ஆகாது. அதன்பிறகு முடிவு அந்த இருவருடையது.