ஆழ்கடல் சுறாவின் ஈரல் எண்ணெய்: எங்கள் நிலைப்பாடு

சென்ட்ரோபோரிடே குடும்பத்து ஆழ்கடல் சுறாக்களின் ஈரல் எண்ணெய் வணிகத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்று மதுரை பழங்காநத்தத்தில் இயங்கும் எங்கள் அறிவியல் மன்றம் கோருகிறது. அந்தச் சுறாவைப் பிடித்துவரும் குமரி மாவட்டத் தூத்தூர் மீனவரைக் குற்றவாளியாக்கும் ஒட்டுமொத்தத் தடையை நாங்கள் ஏற்கவில்லை.

கடலில்லாத மதுரைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை? குமரி மீனவரின் வழக்கு வந்து சேர்வது நம் ஊர் உயர் நீதிமன்றக் கிளைக்குத்தான். சுறா எண்ணெய் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் நாம்தான். (பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து தரும் பால்சுறா வேறு, அந்தக் குழப்பம் வேண்டாம்.)

இந்தச் சுறாக்கள் 200 மீட்டருக்குக் கீழே, ஆயிரம் மீட்டரையும் தாண்டிய இருட்டில் வாழ்பவை. பச்சையாக ஒளிரும் பெரிய கண்கள். எந்தச் சுறாவையும் போல இவற்றுக்கும் காற்றுப்பை கிடையாது; மூழ்கிப் போகாமல் தாங்குவது ஈரல்தான். உடல் எடையில் கால் பங்கு வரைகூட வளரும் அந்த ஈரலில் ஸ்குவாலீன் என்ற எண்ணெய் நிறைந்திருக்கிறது. முகப்பூச்சுக்கும் சில தடுப்பூசிகளுக்கும் அது தேவைப்படுவதால்தான் விலை. ஆனால் பருவத்துக்கு வரவே பத்தாண்டுக்கு மேலாகும் இனங்கள் இதில் உண்டு. சிலவற்றின் சூல் காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, ஈனுவது ஒன்றிரண்டு குட்டிகள். பிடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இவற்றால் முடியாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் 1976-77இல் வலை இழுத்துக் கணக்கெடுத்த அதே கப்பல், 1996-97இல் அதே இடங்களில் மறுபடி இழுத்தபோது, இக்குடும்பத்துச் சுறா இனங்கள் சில 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. மாலத்தீவில் 1980களில் ஈரலுக்காகவே தொடங்கிய மீன்பிடிப்பு சில ஆண்டுகளில் சரிந்துபோனது. அந்தமான் கடலிலும், கொச்சி தோப்பும்படி துறைமுகத்துக்குச் சுறா வரும் தென்மேற்குக் கடலிலும் அதே கதை நடக்க விடக்கூடாது.

2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியை மத்திய அரசு தடுத்தது நல்லதே. ஆனால் இங்கே காசு துடுப்பில் இல்லை. 2025 இறுதியில் சமர்கண்டில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு இக்குடும்பத்தை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இனத்தின் பிழைப்புக்குக் கேடில்லை என்று அரசு சான்று தராமல் ஏற்றுமதி கூடாது என்பதே அதன் பொருள். இனவாரியாகக் கரையிறக்கக் கணக்கு எடுக்காமல் தரும் சான்று வெறும் காகிதம். உள்நாட்டில் விற்கும் எண்ணெய்க்கும் எந்தச் சுறாவினுடையது என்ற விவரம் உறைமேல் இருக்க வேண்டும். முகப்பூச்சுக்கு ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் அதே சரக்கு கிடைக்கிறது. கரும்பு விளையும் அலங்காநல்லூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் சுறா ஈரலைத் தேடுவானேன்?

'சின்னதைத் திருப்பி விடு' என்ற விதி இங்கே உதவாது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஆயிரங்கால் தூண்டிலில் ஏறி வந்த சுறா திரும்பிப் போய்ப் பிழைக்கும் என்று நம்ப முடியாது. சில கடற்சரிவுகளில் தூண்டிலே இறங்காமல் மூடிவைப்பதுதான் வழி. எந்தச் சரிவு என்பதைத் தில்லியில் வரைபடத்தை விரித்துத் தீர்மானிக்காமல், அந்தச் சரிவுகளை அறிந்த தூத்தூர் படகோட்டிகளை உட்காரவைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். மூடும் காலத்துக்கு அவர்களுக்கு நிவாரணமும் தர வேண்டும்.