பல்கலைக்கழகம் பேசுகிறது, நம் காதுக்கு எட்டுகிறதா?

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு வேண்டியவர். நெல்லைச் சீமைக்காரர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஐந்து மணிக்கு இட்லிப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றினால் பத்து மணி வரையில் தெருத் தெருவாக நடப்பவர். ஏழெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தவர், போன ஆண்டு திடீரென்று நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"பெரிய யுனிவர்சிட்டி டாக்டர் பேசுதாரு தம்பி. நம்ம தமிழ்லதான் பேசுதாரு. மாத்திரைதான் கிட்னியக் கெடுக்குதாம். கசாயம் குடிச்சா நாப்பது நாள்ல சர்க்கரை போயிருமாம்" என்று சொல்லி, செல்போனில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்.

கேட்டேன். பேசியவர் பெயர் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று இல்லை. என்றைக்குப் பேசியது என்றும் இல்லை. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ பத்தாவதோட நின்னவன், அவரு டாக்டரு" என்று என் வாயை அடைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்துக் காலில் சிறு புண் வந்தது. ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அண்ணாச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு மரியாதை கொடுத்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அந்த மரியாதையையும் நம்பிக்கையையும் பெயர் தெரியாத ஒருவன் களவாடிவிட்டான். உண்மையான பல்கலைக்கழகப் பேச்சு அவர் காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்ததுதான் அந்தக் களவுக்கு வசதியாகப் போயிற்று. இந்தக் குறையைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

கொட்டிக் கிடக்கும் செல்வம்

நான் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. கல்யாணிலிருந்து வேலைக்குப் போகவும் வரவும் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு கல்லூரி வகுப்பும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். சில ஆண்டுகளாக அந்த நேரத்தைப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளைக் கேட்பதில் செலவழித்து வருகிறேன்.

என் தந்தை இறந்த சமயத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷெல்லி கேகன் என்ற தத்துவப் பேராசிரியர் 2007-ல் நடத்திய வகுப்பு ஒன்று கிடைத்தது. தலைப்பே 'மரணம்' என்பதுதான். மொத்தம் 26 வகுப்புகள். மேஜை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். உடலை விட்டுத் தனியாக ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் எதிர்க்கட்சியின் வாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மரியாதையோடு பதில் சொல்கிறார். துக்க வீட்டில் வந்தவர்கள் சொன்ன ஆறுதலைவிட அந்தப் பேச்சு என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அதே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் ஹேய்ஸ் என்ற அம்மையார் பழைய ஏற்பாட்டைப் பற்றி நடத்திய வகுப்புகளும் இருக்கின்றன. மதப் பிரசாரமும் இல்லை, மத நிந்தனையும் இல்லை. அந்த நூல் எந்தக் காலத்தில், எந்த மக்களிடையே, எப்படி உருவாயிற்று என்று சரித்திர முறையில் விளக்குகிறார். மதத்தைப் பற்றிப் பேசினாலே சண்டைதான் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை கேட்க வேண்டும்.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷனில் நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தில் வகுப்புகளைப் பதிவுசெய்து இலவசமாகத் தரத் தொடங்கின. 2017 ஜூலையில் மத்திய அரசு 'ஸ்வயம்' திட்டத்தையும், அதோடு 32 கல்வி டி.வி. சேனல்களையும் ஆரம்பித்தது. கேட்பதற்குக் காசு இல்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குவதென்றால் மட்டும் கட்டணம்.

ஆக, செல்வம் கொட்டித்தான் கிடக்கிறது. ஆனால் பெட்டகத்தின் சாவி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கேகன் பேசுவதைப் புரிந்துகொள்ள, கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரே வகுப்பை மூன்று தடவை கேட்டேன். எனக்கு ரயிலில் உட்கார இடமும் நேரமும் கிடைத்தன. அண்ணாச்சிக்கு எது கிடைக்கும்?

லண்டன் வியாபாரி செய்த ஏற்பாடு

இந்த மொழிப் பிரச்னை புதியதல்ல. லண்டனில் தாமஸ் கிரஷாம் என்ற பெரிய வியாபாரி 1579-ல் இறந்தார். அவர் எழுதி வைத்த உயிலின்படி 1597-ல் கிரஷாம் கல்லூரி தோன்றியது. வான சாஸ்திரம், சமயம், கணிதம், சட்டம், சங்கீதம், மருத்துவம், சொல்லாட்சி என்று ஏழு துறைகளுக்கு ஏழு பேராசிரியர்கள். பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இலவசமாகக் கேட்கலாம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். ஆனால் கிரஷாம் கல்லூரியில் லத்தீனில் சொற்பொழிவாற்றியதோடு, ஊர் ஜனங்களுக்குப் புரியும் ஆங்கிலத்திலும் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. கடைக்காரரும் கப்பல்காரரும் கேட்டால்தான் கல்விக்குப் பயன் என்று 400 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். நாம் இன்று தமிழுக்குக் கேட்பதும் இதைத்தான்.

அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. சொற்பொழிவுகளைப் படம் பிடித்து உலகத்துக்கே இலவசமாகத் தருகிறது. அதன் பயன் கொரோனா காலத்தில் தெரிந்தது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கிறிஸ் விட்டி, 2018 முதல் அந்தக் கல்லூரியின் மருத்துவப் பேராசிரியராகவும் இருந்தவர். 2020-ல் அந்தக் கல்லூரியின் சார்பிலேயே கொரோனா பற்றிப் பொதுமக்களுக்குப் பேசினார். பெயர் உண்டு, பதவி உண்டு, தேதி உண்டு. தவறாகச் சொன்னால் நாளைக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு.

அதே 2020 ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அந்த வாரத்தில் என் செல்போனுக்கு வந்த தமிழ்ப் பதிவுகளை மறக்க முடியாது. வெந்நீர் குடித்தால் கிருமி செத்துவிடும் என்று ஒருவர். பூண்டு போதும் என்று இன்னொருவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர முடியாது என்று மூன்றாமவர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழெட்டுப் பேராக அடைந்து கிடந்த நம் மக்களுக்கு அந்தக் குரல்கள்தான் துணை. நல்ல தகவல் வராத இடத்தைப் பொய் பிடித்துக்கொண்டது.

காற்றோடு போகும் பேச்சு

தமிழில் பேச அறிஞர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. வள்ளல்கள் கொடுத்த பணத்தில் இலக்கியம், கல்வெட்டு, சமயம், மருத்துவம் என்று அருமையான தலைப்புகளில் பேசுகிறார்கள். நான் ஊருக்குப் போன சமயங்களில் இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். நாற்பது பேர் கேட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் பேச்சு காற்றோடு போயிற்று.

சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857-ல் பிறந்தவை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஜி. பண்டார்கர் 1877-ல் சமஸ்கிருத, பிராகிருத மொழிகளைப் பற்றி ஆற்றிய வில்சன் சொற்பொழிவுகளை இன்றும் படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உ.வே. சாமிநாதையர் 1927-ல் ஆற்றிய சொற்பொழிவுகள் 'சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்' என்ற நூலாக நம் கையில் இருக்கின்றன. யாரோ சிரமப்பட்டு அச்சில் ஏற்றியதால் அவை பிழைத்தன. இன்று அவ்வளவு சிரமம் எதற்கு? ஒரு செல்போனும் ஒரு சட்டை மைக்கும் போதும். பொன்னாடைச் செலவில் பாதி ஆகாது.

செய்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தன் சொற்பொழிவுகளைப் பதிவு செய்து எல்லோருக்கும் தருகிறது. என்.பி.டி.இ.எல். வகுப்புகள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும் பகுதி என்ஜினீயரிங். சர்க்கரை வியாதிக்காரருக்கும் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் அதில் என்ன கிடைக்கும்?

என் யோசனை இது. சென்னையில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் கைகோத்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காசநோய், பிரசவம், முதுமை என்று ஒரு வியாதிக்கு அரை மணி நேரமாகத் தமிழில் பதிவு செய்யட்டும். பேசுபவர் பெயர், பதவி, தேதி மூன்றையும் முதலிலேயே சொல்லட்டும். வைத்திய முறை மாறிக்கொண்டே இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதியதைப் போடட்டும்.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவிடம் கேள்வி கேட்க முடியாது. பக்கத்தில் இருக்கும் டாக்டருக்கு அது ஈடாகாது. தனியாகக் கேட்பவர் பாதியில் தூங்கியும் போகலாம். அதனால்தான் நம் சங்கங்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புனாவில் நீதிபதி ரானடே 1875-ல் தொடங்கிய வசந்த சொற்பொழிவு வரிசை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. பெரிய பேராசிரியரின் பேச்சைக் கேட்கச் சாதாரண மக்கள் வந்து உட்காருகிறார்கள். நாமும் பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் கூட்டம் சேர்க்கிறோம். அவை இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க மண்டபத்திலோ கோயில் கூடத்திலோ, ஒரு நல்ல தமிழ்ப் பதிவைப் போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்கலாமே! மருத்துவப் பேச்சென்றால், இந்த ஊரில் தொழில் செய்யும் தமிழ் டாக்டர் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால், சந்தேகத்தை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சமயம், சரித்திரம் என்றால் ஆசிரியர் ஒருவர் போதும். ஆங்கிலப் பதிவானாலும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்ல நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் தமிழில் பேசப் பழக்கம் வரும்.

செல்போனில் எந்தப் பதிவு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பேசுபவர் யார்? எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்? எப்போது பேசியது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

அண்ணாச்சி இப்போது மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறார். நடக்கும் தூரம் குறைந்துவிட்டது. பாத்திரத்தை அவர் மகன் சுமக்கிறான். போன வாரம் பார்த்தபோது புதிதாக வந்த ஒரு பதிவை என்னிடம் நீட்டி, "இதுல பேசுதது யாரு தம்பி?" என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். பெயர் இல்லை என்றேன். அழித்துவிட்டார்.

அடுத்த தடவை அவர் கேட்கும்போது, இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன டாக்டர், தமிழில் பேசுகிறார், தைரியமாகக் கேளுங்கள் என்று நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வழி செய்ய வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.