நாமே கேள்வி, நாமே பதில், நூத்துக்கு நூறு!

எங்க கிளாஸ்ல இப்ப ஒரு ஃபேஷன். லேபிள் இல்லாத டேட்டா கையில கிடைச்சா முதல்ல கே-மீன்ஸ் ஓட்டுவோம். அது பிரிச்ச குரூப்புக்கு 0, 1, 2ன்னு பேர் வெச்சு, அதையே விடையா கொடுத்து ஒரு கிளாஸிஃபையரைப் பழக்குவோம். அக்யூரசி 99ன்னு வந்ததும் பவர்பாயிண்ட்ல பெரிய எழுத்துல போட்டுடுவோம். நானும் செஞ்சிருக்கேன், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா யோசிச்சுப் பார்த்தா, நாமளே பேப்பர் எழுதி நாமளே திருத்திக்கற கதைதான் இது.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஐரிஸ் பூ டேட்டாவையே எடுத்துக்குவோம். 1936-ல ஃபிஷர் தன் கட்டுரையில பயன்படுத்தினது. மூணு இனம், இனத்துக்கு 50, மொத்தம் 150 பூ. ஒவ்வொண்ணுக்கும் நாலு அளவு. இனத்தோட பேரை மறைச்சுட்டு கே-மீன்ஸ்கிட்ட மூணா பிரின்னு சொன்னா, வழக்கமா 50, 62, 38ன்னு பிரிக்கும். செட்டோசா மட்டும் சுத்தமா தனியா வந்துடும். வெர்சிகலர்ல 2, விர்ஜினிகாவுல 14, ஆக 16 பூ இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இதை வெச்சுப் பழகுற கிளாஸிஃபையர் அந்த 16 தப்பையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணும். நல்லா மனப்பாடம் பண்ணினதுக்குத்தான் அந்த 99!

அப்ப கிளாஸிஃபையரை வெச்சு கிளஸ்டரிங் பண்ணவே கூடாதா? பண்ணலாம். ரேண்டம் ஃபாரஸ்ட் தந்த லியோ பிரைமன் அழகா ஒரு வழி சொல்லிட்டுப் போயிருக்கார். நாலு அளவையும் தனித்தனியா குலுக்கிப் போட்டு போலிப் பூக்களை உருவாக்கணும். ஒரு பூவோட இதழ் நீளம், இன்னொண்ணோட அகலம்ங்கற மாதிரி. அப்புறம் 'இது அசலா, போலியா?'ன்னு ஃபாரஸ்ட்டுக்குப் பாடம் எடுக்கணும். இந்த லேபிள் நமக்கு நிச்சயமாத் தெரியும், ஊகமே கிடையாது. போலியைப் பிடிக்கணும்னா அளவுகளுக்குள்ள இருக்கற உறவை அது கத்துக்கிட்டே ஆகணும். கடைசியா, எந்த ரெண்டு அசல் பூ நிறைய மரங்கள்ல ஒரே இலையில போய் விழுதோ, அதுங்க நெருங்கின சொந்தம்னு கணக்கு. அந்த நெருக்கத்தை வெச்சு கிளஸ்டர் பண்ணிக்கலாம்.

இங்கயும் எத்தனை குரூப், ஒவ்வொண்ணுக்கும் என்ன பேர்னு முடிவு பண்றது நாமதான். அதுக்குப் பூவைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போய் நிக்கணும், வேற வழியில்ல. பூன்னா பரவாயில்ல. நோயாளிகளையோ கடன் கேட்டு வந்தவங்களையோ பிரிக்கறப்ப, இடம் மாறி உட்காருறது மனுஷங்க.

அதனால மக்கா, அடுத்த தடவை ஸ்லைடுல 99 போடறதுக்கு முன்னாடி, எதோட ஒப்பிட்டு 99னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. அந்த வரியை எழுத முடியலைன்னா, அந்த நம்பரையும் எடுத்துடுங்க.