ஓசிப் பயணமா? உழைத்தவள் உரிமையா?

விடியற்காலை நாற்று நடவுக்குப் புறப்படும் கூலிப் பெண் பஸ் ஏறுகிறாள். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். பின் சீட்டிலிருந்து ஒரு முணுமுணுப்பு: "எல்லாம் ஓசி!"

இந்தச் சொல் பின் சீட்டில் பிறந்ததல்ல. 2022-ல் ஒரு மந்திரியே மேடையேறி, பெண்கள் ஓசியில் போவதாகப் பேசினார். மேலே இருப்பவர் துப்பியது கீழே வந்து விழுகிறது.

யாருக்கு யார் ஓசி? கணக்குப் பார்ப்போம், வாருங்கள்!

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8-ல் நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் விரிந்தது. இதற்காக ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று அப்போது சர்க்கார் அறிவித்தது. "ஐயோ, கஜானா காலி!" என்று சீமான்கள் அலறினார்கள்.

2019 செப்டம்பரில் இந்தச் சீமான்கள் எங்கே போயிருந்தார்கள்? அந்த மாதம் மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக வெட்டியது. புதிய ஆலைகளுக்கு 15 சதவிகிதமே போதும் என்றது. இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. நூற்றிருபது பஸ் மானியத்துக்குச் சமமான தொகை! அன்று எந்தச் சீமானும் "ஓசி" என்று வாய் திறக்கவில்லை. அதற்குப் பெயர் "ஊக்கம்"! ஏழைக்குக் கொடுத்தால் பிச்சை, முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம்! என்ன நியாயம் இது?

அது மத்திய சர்க்கார், இது மாநில சர்க்கார் என்று சிலர் வாதாடுவார்கள். பெட்டி இரண்டாக இருக்கலாம், நிரப்புகிற கை ஒன்றுதான். சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி, செல்போனுக்குப் பணம் கட்டினால் வரி. நாம் வரி கட்டாத நாள் உண்டா? நம் காசில் ஓடும் பஸ்ஸில் நாம் ஏறினால் அது ஓசியா?

இன்னொன்றையும் சொல்கிறோம். பஸ் கட்டணம் எங்கிருந்து போகிறது? கூலியிலிருந்து. வேலைக்கு வந்து சேரும் செலவு நம் தலையில், வேலையின் பலன் முதலாளி வீட்டில்! மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. அந்த 888 ரூபாய் பிள்ளையின் நோட்டுப் புத்தகம், கிழவியின் மருந்து, அடுப்பில் ஒரு பிடி பருப்பு. "பஸ்தான் சும்மா விடுகிறார்களே, கூலி உயர்வு எதற்கு?" என்று மில் முதலாளியும் மிராசுதாரும் அந்த மிச்சத்தின் மேல் கண் வைப்பார்கள். எச்சரிக்கை! பஸ் மானியம் கூலிக்கு ஈடல்ல.

ஆண் தொழிலாளி கேட்கலாம்: "நானும் கூலிக்காரன்தானே, எனக்கு மட்டும் டிக்கெட்டா?" நியாயமான கேள்வி. ஆனால் அதைப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்காதே, தோழா! கோட்டையிடம் கேள்! லக்சம்பர்க் என்ற பணக்கார நாடு 2020-ல் நாடு முழுவதும் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும், முதல் வகுப்பு நீங்கலாக, கட்டணத்தையே எடுத்துவிட்டது. அங்கே வங்கி முதலாளியும் சீட்டு வாங்காமல் ஏறலாம். இங்கே மூட்டை தூக்குகிறவன் ஏறக்கூடாதா?

கண்டக்டரோடும் டிரைவரோடும் சண்டை வேண்டாம். பெண்கள் கூட்டமாக நிற்கிற நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போனால் கோபம் வரும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களும் உழைப்பாளிகள். 2024 ஜனவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக? காலி இடங்களை நிரப்பு, ஓய்வு பெற்றோருக்குப் பஞ்சப்படி பாக்கியைக் கொடு, போக்குவரத்துக் கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் உள்ள பள்ளத்தைச் சர்க்கார் நிதியால் மூடு என்றார்கள். இது நம் கோரிக்கையும்தான். ஆளில்லாமல், உதிரி பாகமில்லாமல் பஸ் டிப்போவில் முடங்கினால் இலவசச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வராத பஸ்ஸில் எல்லோருக்கும் இலவசம்தான்!

1972-ல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று சர்க்கார் கழகங்கள் பிறந்தன. லாபம் இல்லாத கிராமத்துக்கும் பஸ் போக வேண்டும் என்பதுதான் பொதுத் துறையின் பொருள். ஆனால் 2025 ஜூனில் சென்னையில் புதிய மின்சார பஸ்கள் தனியார் கம்பெனி ஒப்பந்தத்தில் ஓடத் தொடங்கின. வாசல் வழியாக வெளியேறிய தனியார் முதலாளி ஜன்னல் வழியாக நுழைகிறான். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அவனுக்குப் பணம் தவறாது. தொழிலாளிக்கோ நிரந்தர வேலை இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை: ஷிப்ட் நேரத்துக்கு மில் வாசலுக்குப் பஸ் விடு! நடவு, அறுப்புக் காலத்தில் கிராமத் தடங்களில் கூடுதல் பஸ் விடு! சாதாரண பஸ்ஸைக் குறைத்து சொகுசு பஸ்ஸைக் கூட்டாதே! மானியத்தை முழுசாக, காலத்தில் கழகங்களுக்குக் கொடு! கூலிக்காரன் எவனானாலும் கட்டணச் சுமையை நீக்கு!

இனி யாராவது "ஓசி" என்றால் தலை குனியாதே, தாயே! நிமிர்ந்து சொல்: "நான் கட்டிய வரியில் ஓடுகிற பஸ் இது. நீ கொஞ்சம் நகர்ந்து உட்கார்!"