சிசுவின் மூளைக்கு ஏன் இந்தப் பாரபட்சம்?

முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000. ஆணாகப் பிறந்தால் ஒன்றுமில்லை. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 2022 முதல் இப்படித்தான் நடக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு ஊழியர் போன்ற சிலர் நீங்கலாக, கர்ப்பிணிகள் அனைவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொல்கிறது. சட்டம் கொடுத்ததைத் திட்டம் பறிக்கலாமா?

பெண் சிசுவைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். இரண்டாவது மகளுக்கான தொகை பிரசவத்துக்குப் பிறகு ஒரே தவணையாக வருகிறது. கருவில் இருந்தபோது அந்தச் சிசுவுக்கு அது ஒரு கவளமும் தரவில்லை. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

பிறந்த குழந்தை ஓய்வாக இருக்கையில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இது சுமார் 20 சதவீதம்தான். மகப்பேறு உதவித்தொகையை நிர்ணயிக்கும் அதிகாரிகள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் இந்த 60.

தாய்க்குச் சத்தான சாப்பாடு இல்லை, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம் என்று சேரும்போது நஞ்சுக்கொடி வழியே போகும் குளுக்கோஸும் ஆக்சிஜனும் குறையலாம். சிசு தன் ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடுகிறது. கல்லீரலும் தசையும் பட்டினி கிடக்கின்றன. தொப்புள்கொடியை வெட்டியதும் நெருக்கடி தொடங்குகிறது. நன்றாக வளர்ந்த குழந்தை, கல்லீரலில் சேர்த்த கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையாக்கும்; கொழுப்பிலிருந்து கீட்டோன் தயாரித்தும் மூளைக்கு அனுப்பும். வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் கிளைகோஜனும் சொற்பம், கொழுப்பும் சொற்பம். உடம்பு சிறுத்த அளவுக்கு மூளை சிறுக்கவில்லை. அதன் பசி அப்படியே இருக்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரியக்கூடும்.

மூளையைத்தான் இயற்கை காப்பாற்றிவிடுகிறதே என்று ஆறுதல் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படி ரத்தம் திருப்பப்பட்டதை டாப்ளர் ஸ்கேனில் கண்டு, அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் பலவற்றில் மூளை வளர்ச்சிக் குறைகள் தெரிந்திருக்கின்றன. 

2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 88.6 சதவீதத்தைத் தொட்டது. அதைக் கொண்டாடினார்கள். அதே ஆய்வில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை 50.4-இலிருந்து 52.2 சதவீதமாக ஏறியதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிரசவ அறை வரை வந்த அரசு, அதற்கு முந்தைய மாதங்களைக் கைவிட்டுவிட்டது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்காக ஆசிரியரைக் குற்றம் சொல்கிறோம். அந்தத் திணறல் கருப்பையிலேயே தொடங்கியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் வரை தருகிறது. முதல் இரண்டு பிரசவங்களில் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. ஒன்றிய அரசும் அதே 18,000 ரூபாயை நாடு முழுவதும் தரட்டும். அதில் பெரும்பகுதி ஐந்தாம் மாதத்துக்குள் தாயின் கையில் இருக்க வேண்டும்.