ஆட்சியர் அலுவலகம் வந்துவிட்டது, வீடு எங்கே?

2019 நவம்பரில் மட்டும் தமிழ்நாட்டில் ஐந்து புதிய மாவட்டங்கள் செயல்படத் தொடங்கின: தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. மாவட்டங்களின் எண்ணிக்கை 38 ஆனது. இதை நாம் எதிர்க்கவில்லை. கல்வராயன் மலைப் பழங்குடி ஒருவர் ஆட்சியரிடம் மனு கொடுக்க விழுப்புரம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்த காலம் முடிந்தது நல்லதுதான். கூலியும் போய், பேருந்துக் காசும் போய், "அய்யா மீட்டிங்கில் இருக்கிறார்" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு இயங்க வேண்டும். மாவட்டம் சிறிதானால் அதைக் கூட்டச் சொல்லிக் கதவைத் தட்டுவதும் எளிது.

ஆனால் அலுவலகம் வருகிறது என்ற பேச்சு அடிபட்டதுமே சுற்றுவட்டாரத்தில் நிலவிலை ஏறிவிடுகிறது. மனை போடுகிறவர், லாட்ஜ் கட்டுகிறவர், ஜெராக்ஸ் கடைக்கு இடம் விடுகிறவர் எல்லோருக்கும் லாபம், கையில் நிலம் இருந்தால். சேரிக்காரருக்கு இருப்பதோ பெரும்பாலும் புறம்போக்கில் பட்டா இல்லாத ஒரு வீடு. விலை ஏறியதும் முதலில் "ஆக்கிரமிப்பு" ஆவது அதுதான். பளபளக்கும் புதிய கட்டடத்தில் அவருக்குக் கிடைப்பது ஒப்பந்தத் துப்புரவு வேலை.

செங்கல்பட்டையே எடுத்துக்கொள்வோம். 1891இல் அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற வாழ்வைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். கைமாறிப்போன அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் குண்டுகளுக்குப் பலியானார்கள். கள்ளக்குறிச்சியில் ஆட்சியர் வளாகத்துக்கு வீரசோழபுரம் கோயில் நிலம் தேர்வானபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கோயில் நிலம் என்றால் "இது யாருடையது" என்று நீதிமன்றம் வரை கேட்க ஆள் இருக்கிறது. தலைநகரைச் சுற்றி மனைகளாகும் நிலத்தில் பஞ்சமி எவ்வளவு என்று எந்த அரசு கேட்டது?

அடுத்தது, மாற்றலாகி வரும் ஊழியர். இடஒதுக்கீட்டில் தேர்வான தலித் இளநிலை உதவியாளர் சிறுநகரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறார். "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" மூன்றே கேள்வி. பிறகு, "நேற்றுதான் வேறொருத்தருக்குச் சொல்லிட்டோம்." இது புதிதல்ல. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கர், பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்து நண்பரும் இடம் தரவில்லை, கிறிஸ்தவ நண்பரும் தரவில்லை. அரசு அவருக்கு நாற்காலி கொடுத்தது, இரவில் படுக்க இடம் கொடுக்கவில்லை. ரயிலேறி மும்பை திரும்பினார்.

நூறாண்டு கழித்து, 2017இல் தமிழ்நாடு வாடகைதாரர் சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பவரைத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. சமூகநீதி பேசுகிற எந்தக் கட்சியும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. வீட்டு உரிமையாளர்கள் எந்தச் சாதி வாக்காளர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அரசுக் குடியிருப்புகளைக் கட்டினால் ஊழியருக்காவது ஒரு வழி பிறக்கும். அலுவலகத்துக்கு அடிக்கல் நாட்டும் அன்றே குடியிருப்புக்கும் நாட்டினால் என்ன? அலுவலகத் துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே வளாகத்தில் வீடு ஒதுக்கினால் என்ன?

கும்பகோணம், பொள்ளாச்சி என்று புதிய மாவட்டக் கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன. அந்த வட்டங்களின் பஞ்சமி நிலப் பதிவேடுகளை, இடம் தேர்வு செய்வதற்கு முன்பே, இப்போதே வெளியிட வேண்டும்.